ஹோஸ் கிழிந்தது, நான் கிழிக்கவில்லை

வத்தி என்று வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் அழைக்கப்படும் நான், வயது பதினேழு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, டீசல் மெக்கானிக்கின் ஒரே மகள், பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டிய தெருவில் ஒர்க்‌ஷாப்புக்கு மேல்மாடியில் குடியிருப்பவள், காவல் நிலையத்தில் எஸ்.ஐ. மேடம் முன்னிலையில், பக்கத்தில் என் அம்மா உட்கார்ந்திருக்க, என் கைப்பட எழுதிக் கொடுப்பது. ஒல்லியாக இருப்பதாலும் அங்கங்கே பற்ற வைப்பதாலும் எனக்கு வத்தி என்ற பெயர் வந்தது. இதெல்லாம் எதற்கு என்று ரைட்டர் கேட்டார். பெயரை வைத்தே என்னை முடித்துவிடக் கூடாது என்பதற்காக, காரணத்தையும் நானே எழுதிவிடுகிறேன்.

என் கைப்பட எழுதுவதற்கும் காரணம் உண்டு. முதலில் நான் சொல்லச் சொல்ல ரைட்டர்தான் எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். படித்துப் பார்த்தேன். "ஹோஸ் கிழிந்தது" என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் "ஹோஸ் கிழித்தது" என்று இருந்தது. ந் இருக்க வேண்டிய இடத்தில் த் இருக்கிறது என்று சொன்னேன். ஒரு எழுத்துக்கு இவ்வளவு வாயா என்று அவர் கேட்டார். "அந்த ஒரு எழுத்துலதான் சார் நான் உள்ளயா வெளியவான்னு இருக்கு" என்று நான் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் போட்டார். அதன் பிறகு எஸ்.ஐ. மேடம் வெள்ளைத் தாள் கொடுத்து, நீயே எழுது, ஆனால் ஒழுங்காக எழுது என்று சொன்னார். ஒழுங்காகத்தான் எழுதுகிறேன்.

என் மீது புகார் கொடுத்திருப்பவர் என் சித்தப்பா, வீட்டு புரோக்கர். அவர் மனைவியாகிய சித்தி, என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. ஆகவே சித்தப்பா என் அப்பாவுக்குச் சகலை. சகலை என்றால் சகலமும் தெரிந்தவர் என்று சித்தப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை அவர் ஓட்டிய டீசல் கார் குவாரி மேட்டில் ஒரு லாரியை முந்தும்போது இழுக்காமல் போய், எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கி, பள்ளத்தில் இறங்கியது. சித்திக்கு வலது தோள் எலும்பு முறிந்து பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சித்தப்பாவுக்கு நெற்றியில் ஒரு பிளாஸ்திரி. காருக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸை நான் வேண்டுமென்றே கிழித்து வைத்தேன் என்பது அவர் புகார். அதை நம்பினால் எனக்குச் சீர்திருத்தப் பள்ளி, அப்பாவின் ஒர்க்‌ஷாப்புக்குப் பூட்டு. நம்பாவிட்டால், மேட்டில் வளைவில் லாரியை முந்தப் போனது யார் என்ற கேள்வி சித்தப்பாவிடம் போகும். ஆகவே நான்தான் கிழித்தேன் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார்.

நடந்தது வருமாறு. சனிக்கிழமை காலை சித்தப்பா காரைக் கொண்டுவந்து ஒர்க்‌ஷாப் வாசலில், வேறு வண்டி நுழைய முடியாதபடி நிறுத்தினார். மேட்டில் இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, போனட்டுக்குள் விசில் சத்தம் கேட்கிறது என்று சொன்னார். வேறொரு இடத்தில் காட்டியதாகவும், டர்போவே போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்று அவர்கள் சொன்னதாகவும், அப்பா சொந்தக்காரர் என்பதால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்ததாகவும் சொன்னார். சொந்தக்காரர் என்ற சொல்லை அவர் ஓசிக்காரர் என்ற அர்த்தத்தில் பயன்படுத்துவார்.

டர்போ என்றால் என்ன என்று ரைட்டர் முதலில் கேட்டதால் இங்கேயும் எழுதுகிறேன். இன்ஜினிலிருந்து வெளியே போகும் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சின்ன விசிறி அது. காற்று எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு இழுவை. காற்று போய்ச் சேராவிட்டால், ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் டீசல் அரைகுறையாக எரிந்து கரும்புகையாக வெளியே வரும். சத்தம் மட்டும் வரும், வேலை நடக்காது. இதைச் சொல்லும்போது நான் யாரையும் பார்க்கவில்லை.

அதன் பிறகு அப்பா போனட்டைத் திறக்காமல் ஸ்கேனரை மாட்டி மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். சித்தப்பா ஓட்ட, நான் பின்னால் ஏறிக்கொள்ள, டிப்போவைச் சுற்றி ஒரு ரவுண்டு போனோம். ஸ்கேனரில் இரண்டு கோடுகள் ஓடும். ஒன்று வண்டி கேட்கும் காற்று, மற்றது வண்டிக்குக் கிடைக்கும் காற்று. இரண்டும் ஒட்டிக்கொண்டே ஏற வேண்டும். பாலத்தில் ஏறியபோது கேட்கும் கோடு மேலே போனது, கிடைக்கும் கோடு பாதியிலேயே படுத்துக்கொண்டது. சித்தப்பா வீட்டிலும் இதே நிலைமைதான், சித்தி கேட்பது ஒன்று, கிடைப்பது ஒன்று என்று நான் பின் சீட்டிலிருந்து சொன்னேன். சித்தப்பா பிரேக் போட்டார். அப்பா ஸ்கேனரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சிரிக்கவில்லை என்று அப்பா இப்போது சொல்லலாம். சிரித்தார்.

வண்டியைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு அப்பா டர்போவின் வாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் விசிறியை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை, சுற்றவும் செய்தது. அதை இயக்கும் கம்பியையும் கைப்பம்பு வைத்து இழுத்துப் பார்த்தார், அதுவும் நன்றாக வந்து போனது. டர்போ நன்றாகத்தான் இருக்கிறது, அது தள்ளும் காற்று வழியில் எங்கோ வெளியே போகிறது என்று அப்பா சொன்னார். சித்தப்பாவின் முகம் சுருங்கியது. டர்போ போய்விட்டது என்று அவர் ஏற்கெனவே எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தார்.

அதன் பிறகு அப்பா குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கம்ப்ரஸரிலிருந்து மெதுவாகக் காற்று விட்டார். என் வேலை, சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து எல்லா இணைப்புகளிலும் பீய்ச்சுவது. ஓட்டை இருந்தால் அங்கே நுரை கிளம்பும். மேலே தெரிகிற இடங்களில் ஒன்றும் வரவில்லை. கீழே, காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்கு வளைந்து போகும் ஹோஸின் அடிவயிற்றில் கை விட்டேன். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. கைக்கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்த்தேன். வளைவில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் இருந்தது, அதிலிருந்து நுரை கொத்துக்கொத்தாக வந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிப் போயிருந்தது. இந்த ஹோஸ் அழுத்தம் தாங்காது, ஏற்றத்தில் மிதித்தால் முழுசாகப் பிளந்துவிடும், புது ஹோஸ் திங்கட்கிழமை வரும், அதுவரை வண்டி இங்கேயே நிற்கட்டும் என்று அப்பா சொன்னார். கண்ணாடியைச் சித்தப்பாவிடமும் நீட்டினேன். குனிந்தால் பேண்ட் அழுக்காகும் என்று அவர் பார்க்கவில்லை.

இப்போது நான் சொல்லப்போகும் இடத்தை மேடம் கவனமாகப் படிக்க வேண்டும். சித்தப்பாவும் சித்தியும் அன்று மதியம் குவாரி மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சித்தப்பாவின் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போவதாக இருந்தது. சித்தியும் மாடியில் வந்து காத்திருந்தார். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னதும் சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது. எதிர்ச் சாரியில் டயர் கடைக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கும்படி சித்தப்பா, "காலையிலேர்ந்து அப்பனும் மகளுமா சேர்ந்து என்னத்தக் கிழிச்சீங்க?" என்று கேட்டார்.

"உங்க ஹோஸத்தான் சித்தப்பா கிழிச்சோம்" என்று நான் சொன்னேன்.

இதுதான் என் மீதுள்ள சாட்சியம். இந்த ஒரு வரியைத்தான் சித்தப்பா புகாரில் எழுதியிருக்கிறார், டயர் கடைக்காரரும் கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்னத்தைக் கிழித்தாய் என்று நம் வீடுகளில் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று மேடத்துக்குத் தெரியும். என் கணக்கு வாத்தியார் பரீட்சைத் தாள் கொடுக்கும்போதெல்லாம் என்னிடம் இதையேதான் கேட்கிறார். தாளைத்தான் சார் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார், போலீஸைக் கூப்பிடவில்லை. கிண்டலுக்குச் சொன்னதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டால், கோபத்தில் தலையைச் சீவிவிடுவேன் என்று சொன்ன எல்லார் மீதும் கொலை முயற்சி வழக்குப் போட வேண்டியிருக்கும். சித்தப்பா மீது மட்டுமே பல வழக்குகள் வரும்.

நான் அப்படிச் சொன்னதும் சித்தப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அப்பா நடுவில் வந்தார். "காத்து நிக்கல சகலை. ஏத்தத்துல இழுக்காது. எடுக்காதீங்க" என்று அப்பா சொன்னார். இந்த வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இவற்றில்தான் வினை இருக்கிறது. அப்பா சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சத்தம் கேட்டு அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். சித்தப்பா அம்மாவிடம், உன் தங்கையை நடக்க வைத்தே கூட்டிப் போகிறேன், உங்கள் வீட்டுச் சீர் இது என்று சொன்னார். அவர் வண்டி, கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவளுக்குத்தான் பேச்சு விழும் என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா ஹோஸை மறுபடி மாட்டினார். ஹோஸை இறுக்கும் கிளாம்பை நான் பிடித்துக்கொள்ள, அவர் முடுக்கினார். பிறகு சாவியைக் கொடுத்தார், மெதுவாகப் போங்கள், யாரையும் முந்தாதீர்கள் என்றும் சொன்னார். இதைத் தான் கேட்கவில்லை என்று சித்தப்பா சொல்கிறார். அந்த நேரத்தில் அவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார், ஆகவே அது உண்மையாக இருக்கலாம்.

அதன் பிறகு சித்தப்பா காரை எதிரே டயர் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார். நாலு டயரிலும் காற்று அடிக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு டயரையும் ஷூவால் உதைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். காத்து நிற்கவில்லை என்று அப்பா சொன்னதை அவர் டயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அப்போது அது புரியவில்லை. டயரில் காற்றுக் குறைவு என்பதற்காக யாராவது காலை முழுக்கப் போனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார்களா என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. டயர் கடைக்காரரிடம் என்ன சொல்லிக் காற்று அடித்தார் என்று விசாரித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் கேட்டேன். ஞாபகம் இல்லை என்று சொன்னார். எதிர்ச் சாரியில் நான் சொன்ன கிண்டல் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது, மூக்குக்கு முன்னால் நின்றவர் சொன்னது ஞாபகம் இல்லை. அவருக்குக் காது தூரத்துக்கு மட்டும் கேட்கும்போல.

கார் விசில் அடித்தபடி தெருமுனை திரும்பியது. நான் மாடிக்குப் போய்ச் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சித்தியிடமிருந்து என் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அதில் இருந்தது இது: "ஏய் வத்தி, வண்டி குக்கர் மாதிரி விசிலடிக்குதுடி. உங்க சித்தப்பா நாலு டயருக்கும் காத்து அடிச்சாச்சு, இனிமே பறக்கும்னு சொல்றாரு. உங்கப்பா காத்து நிக்கலன்னு சொன்னது டயரத்தானே?"

உடனே நான் எழுத்தில் பதில் அனுப்பினேன். டயர் இல்லை சித்தி, உள்ளே ஹோஸ் கிழிந்திருக்கிறது, மேட்டில் யாரையும் முந்த வேண்டாம், ஓரமாக நிறுத்தச் சொல்லு, நிஜமாகச் சொல்கிறேன் என்பது அதன் விவரம். சித்தி சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பி, "போடி, ஹார்ன் கதை மாதிரி இதுவும் ஒண்ணா" என்று எழுதினார்.

ஹார்ன் கதை என்னவென்றால், ஹார்னுக்குத் தனி பேட்டரி இருக்கிறது, விடியற்காலையில் விடாமல் அடித்தால்தான் சார்ஜ் ஏறும் என்று போன வருடம் நான் சித்தப்பாவிடம் சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி வந்து சண்டை போடும்வரை அவர் சார்ஜ் ஏற்றினார். அதனால் சித்தி நான் சொன்னதை நம்பவில்லை. நான் அவருக்கு அனுப்பியதிலேயே பொடி வைக்காத செய்தி அது ஒன்றுதான். அதன் பிறகு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பிறகு கீழே இறங்கி அப்பாவிடம் சொன்னேன். அப்பா சித்தப்பாவுக்குப் போன் செய்தார். அவர் கட் செய்தார். அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு குவாரி மேட்டுக்குப் போனபோது, சித்தியை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

காவல் நிலையத்தில் நான் குரல் பதிவைக் காட்டுவதற்காகப் போனைத் திறந்தேன். சித்தி அனுப்பிய இரண்டு செய்திகளும் இருந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. நடுவில் நான் அனுப்பியது அப்படியே இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சித்தப்பா மேடத்திடம், "ஹோஸ் கிழிஞ்சிருக்குன்னு இவளுக்கு எப்படித் தெரியும் மேடம்? கிழிச்சவளுக்குத்தானே தெரியும்?" என்று சொன்னார். ரைட்டர் தலையாட்டினார். விரிசலைக் கண்டுபிடித்தவளுக்கும் தெரியும் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இந்த முறையில் போனால் எக்ஸ்ரே எடுத்தவர்தான் சித்தியின் எலும்பை முறித்தவர்.

மேடம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சித்தியை விசாரித்ததாகவும், எதுவும் ஞாபகம் இல்லை என்று சித்தி சொன்னதாகவும் சொன்னார். எதுவும் ஞாபகம் இல்லாதவர் எதை நீக்க வேண்டும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார். சித்தியின் வலது கை கட்டுப் போட்டிருக்கிறது. நீக்கியது சித்தியின் இடது கையா, சித்தப்பாவின் இரண்டு கைகளுமா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதவில்லை.

ஹோஸைப் பற்றி ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கார் இந்த நிலையத்தின் பின்புறம்தான் நிற்கிறது. வண்டி ஆய்வாளர் பார்த்துவிட்டு ஹோஸ் பிளந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார், எப்படி என்று எழுதவில்லை. ஓரங்களைப் பார்த்தால் தெரியும். பழைய விரிசல் இருந்த இடத்தில் ரப்பர் எண்ணெயும் கரியும் ஏறிக் கறுத்திருக்கும், அன்று புதிதாகப் பிளந்த இடம் வெளுப்பாக இருக்கும். கத்தியால் வெட்டியிருந்தால் நேராக இருக்கும். சித்தப்பா சொல்கிற கதை மாதிரி வளைந்து நெளிந்து போகாது. கிளாம்ப் முடுக்கியபடியே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணெய் எத்தனை மாதமாக ஊறியது என்று சொல்லத் தடயவியலில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அனுப்ப வேண்டும். அதற்கு நாளாகும் என்றும், அதுவரை என்னை வெளியே விடுவதா என்பதற்குக் கையில் வேறு ஏதாவது வேண்டும் என்றும் மேடம் சொன்னார்.

அந்தக் குரல் பதிவை உன்னைத் தவிர வேறு யாராவது கேட்டார்களா என்று மேடம் கேட்டார். சமையலறையில் நான் மட்டும் இல்லை. இதை எழுதும்போது மேசைக்கு அடியில் என் கால் மிதிபடுகிறது. அந்த இன்னொருவர் சனிக்கிழமையிலிருந்து யாரிடமும் எதுவும் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார், தங்கைக்குக் கஞ்சி ஊட்டினார், தலை வாரிவிட்டார், திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் யார் என்று நான் எழுத மாட்டேன். என்னைப் பற்றி மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை நான் பார்த்துவிட்டேன், நான் யாரைப் பற்றியும் அப்படி எழுதிக் கொடுக்கப் போவதில்லை. சொல்ல வேண்டும் என்றால் அவரே சொல்லட்டும்.

மேலே உள்ளவை யாரும் சொல்லிக் கொடுக்காமல், மிரட்டலுக்குப் பயப்படாமல், நான் கண்டதும் கேட்டதும் செய்ததும் சொன்னதும். கிண்டல் கிண்டலாகவும் நிஜம் நிஜமாகவும் எழுதப்பட்டிருக்கிறது, இரண்டையும் கலக்க வேண்டாம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தும் சரியாக இருக்கக் கண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வத்தி

மைனர் என்பதால் பாதுகாவலர் படித்துப் பார்த்து, ஏதேனும் சொல்ல இருந்தால் அவர் கைப்பட எழுதிக் கையொப்பமிடுவது:

படித்தேன். சமையலறையில் இருந்தது நான். என் மகள் எழுதியிருக்கிற வார்த்தைகள் அப்படியே அந்தக் குரலில் இருந்தன. டயரத்தானே என்று கேட்டது என் தங்கை. அவள் மழலை பேசிய நாளிலிருந்து கேட்கிற குரல், எனக்குத் தவறாது. இனி அவள் என்னோடு பேச மாட்டாள் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) தாய்